குழம்பியவரும் குழப்பியவளும்

2019 நவம்பரில் ஒரு நள்ளிரவு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஒரு மருத்துவமனை வார்டில், ஒரு முதியவரின் குறிப்பேட்டில் நான் மூன்றே சொற்கள் எழுதினேன். 'பேஷன்ட் கன்ஃப்யூஸிங். ரீஅஷ்யூர்டு.' கீழே நேரம், கையெழுத்து.

அந்தக் குறிப்பு என்னை இன்றுவரை உறுத்துகிறது. முதியவர் மனம் குழம்பிப் போயிருக்கிறார் என்று எழுத நினைத்தேன். எழுதியதோ, அவர் மற்றவர்களைக் குழப்புகிறார் என்று. ஒரு சொல்லின் கடைசி அசை மாறியதில் நான்கு மணி நேரம் போயிற்று. நோயாளி அவர், அந்த நான்கு மணி நேரமும் அவருடையது.

அவரைப் பற்றி அதிகம் சொல்லக்கூடாது, சொல்ல மாட்டேன். எண்பதைத் தாண்டியவர். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. நன்றாகப் பேசுவார். ஆனால் அவர் பேச்சு நான் படித்து வந்த ஆங்கிலம் அல்ல. ஒன்றுமில்லை என்பதற்கு 'நவுட்' என்பார், ஏதோ என்பதற்கு 'சம்மட்' என்பார். ஒன்பது மணி வரை என்று சொல்ல 'வைல் நைன்' என்று அவர் சொன்ன நாளில், அந்த 'வைல்' அந்த ஊரில் 'வரை' என்று பொருள்படும் என்பதே எனக்குத் தெரியாது. இரண்டு மூன்று தடவை திருப்பிக் கேட்பேன். பொறுமையாகத் திருப்பிச் சொல்வார். நான் என்ன சாப்பிட்டேன் என்று நாள்தோறும் விசாரிப்பார்.

அன்று இரவு அவர் என்னிடம் எதுவும் விசாரிக்கவில்லை. போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். மனைவியின் கோட்டு எங்கே என்றார். பேருந்து போய்விடும், எழுந்திருக்க வேண்டும் என்றார். என்னை வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் சொல்லி அழைத்தார். இரண்டு மணி இருக்கும். பதினோரு வருடம் நர்சாக வேலை பார்த்தவள் நான். நாகர்கோவிலில் தொடங்கி, சென்னையில் பல வருடம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு முதியவர் திடீரென்று இப்படி ஆனால் அதன் பெயர் என்னவென்று எனக்குத் தெரியும். டெலிரியம். கிருமித் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, வலி, மலச்சிக்கல், மருந்து என்று ஏதோ ஒன்று உள்ளே நடக்கிறது, மூளை அதைக் காட்டிக்கொடுக்கிறது. மறதிநோய் மாதக்கணக்கில் வருவது. இது சில மணி நேரத்தில் வருவது. எனக்குத் தெரியாதது மருத்துவம் அல்ல.

வார்டின் பொறுப்பில் இருந்த சிஸ்டரிடம் போனேன். அவர் நோயாளிகளுக்கு மருந்து எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். என் வாயில் அப்போது தமிழ்தான் ஓடிக்கொண்டிருந்தது: தாத்தா ஒரே குழப்பமா இருக்காரு. அதை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிப் போட்டேன். 'ஹி இஸ் வெரி கன்ஃப்யூஸிங் டுநைட்.'

சிஸ்டர் சிரித்தார். அன்பான சிரிப்புதான். கவலைப்படாதே, எங்களுக்கே அவர் பேசுவது பாதி புரியாது என்றார்.

அவர் காதில் விழுந்தது இது: வெளிநாட்டிலிருந்து வந்து நான்கு மாதமே ஆன ஒரு பெண்ணுக்கு அந்த முதியவரின் வட்டாரப் பேச்சு புரியவில்லை, தவிக்கிறாள். என் காதில் விழுந்தது வேறு: இவர் எப்போதுமே இப்படித்தான், இது பழைய குழப்பம், புதிதல்ல. நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டதாக நினைத்துக்கொண்டோம். நான் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்து, நீங்கள் மருத்துவமனையில் இருக்கிறீர்கள், பத்திரமாக இருக்கிறீர்கள் என்று சொன்னேன். பிறகு அந்தக் குறிப்பை எழுதினேன்.

இதோடு நின்றிருந்தால் இது மொழிப் பிழை மட்டும்தான். அடுத்து நான் செய்தது தொழிலில் செய்த பிழை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிரிட்டனில் மருத்துவமனையில் இருக்கும் வயதுவந்த நோயாளிகளுக்கு 'நியூஸ்' என்ற மதிப்பெண் போடுவார்கள். மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, காய்ச்சல், நினைவுநிலை எல்லாவற்றுக்கும் எண் உண்டு. ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்த முறை அது. 2017இல் அதைத் திருத்தியபோது நினைவுநிலைக் கட்டத்தில் புதிதாக ஒரு எழுத்தைச் சேர்த்தார்கள்: 'சி'. புதிதாக மனம் குழம்பியிருக்கிறார் என்பதன் அடையாளம். அந்த ஓர் எழுத்துக்கே 3 மதிப்பெண். தனியொரு கட்டத்தில் 3 வந்தாலே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும், மணிக்கொரு முறை திரும்பப் பார்க்க வேண்டும். புதுக் குழப்பத்தை அவ்வளவு பெரிய ஆபத்து அறிகுறியாக இங்கே எண்ணுகிறார்கள்.

அன்று இரவு 2 மணிக்கு அவருக்கு மூச்சு 20, ஆக்சிஜன் 96, மேல் அழுத்தம் 128, காய்ச்சல் 37.9. எல்லாவற்றுக்கும் பூஜ்யம். நாடி 94, அதற்கு 1. நினைவுநிலையில் நான் 'ஏ' என்று வட்டமிட்டேன். விழிப்புடன் இருக்கிறார் என்று பொருள். பழைய குழப்பம்தானே என்று சிஸ்டர் சொன்னதாக நான் நம்பினேன். மொத்தம் 1. அடுத்த பரிசோதனைக்கு நான்கு மணி நேரம் இருந்தது. 'சி' என்று போட்டிருந்தால் மொத்தம் 4 வந்திருக்கும், மருத்துவர் வந்திருப்பார்.

காலை 6 மணிக்குக் காய்ச்சல் 38.8, நாடி 114, மூச்சு 22. கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், ஆனால் பார்க்கவில்லை. இம்முறை 'சி' போட்டேன். மொத்தம் 8. ஓடினேன். மருத்துவர் வந்தார், ரத்தம் எடுத்தார்கள், ஊசி வழியே ஆன்டிபயாடிக், ட்ரிப். சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் ஏறியிருந்தது.

அவர் பிழைத்தார். இதை எழுதும் துணிவு எனக்கு வந்தது அதனால்தான்.

நடந்ததை டேட்டிக்ஸில் பதிந்தார்கள். தவறு நேர்ந்தால் அதைப் பதிகிற கணினி முறைக்கு வார்டில் எல்லோரும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சிஸ்டர் என்னைத் தனி அறையில் உட்காரவைத்து, 'கன்ஃப்யூஸிங்' என்றதும் அவர் பேச்சைச் சொல்கிறாய் என்றே நினைத்தேன், இன்னொரு கேள்வி நான் கேட்டிருக்க வேண்டும் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. குறிப்பேட்டில் எழுதியதை அழிக்கக்கூடாது என்பது விதி. பழைய வரி அப்படியே இருக்க, தேதியும் நேரமும் போட்டு, பின்னால் எழுதப்படும் குறிப்பு என்று தலைப்பிட்டுச் சரியானதை எழுதினேன். 'பேஷன்ட் வாஸ் கன்ஃப்யூஸ்டு.' எழுதும்போது கை நடுங்கியது.

எனக்கு இந்த இலக்கணம் தெரியாதா என்றால், தெரியும். வேலைக்கு வருமுன் எழுதிய ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 'பி' வாங்கியவள். 'போரிங்', 'போர்டு'; 'டயரிங்', 'டயர்டு' என்று இரண்டு பத்தியாகப் போட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்திருக்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பத்துக்குப் பத்து. ஆனால் இரவு 2 மணிக்கு, பதற்றத்தில், அட்டவணை நாக்குக்கு வரவில்லை. எதனால் என்று எனக்கு விளங்காத வரை அடுத்த தடவையும் அது வராது என்று பயந்தேன்.

வார விடுப்பில் அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா குமரி மாவட்டத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "மக்களே, அந்த ரெண்டு சொல்லையும் இன்னொருக்க சொல்லு" என்றார். சொன்னேன். அர்த்தமும் சொன்னேன்.

"ஆறு கலங்குமா, கலக்குமா?" என்றார்.

"கலங்கும்பா."

"எருமை?"

"எருமை கலக்கும்."

"அப்போ உனக்கு ஏற்கெனவே தெரியும். கலங்குதது ஆறு, கலக்குதது எருமை. குழம்புனது அந்தப் பெரியவரு. குழப்புனது காய்ச்சல். நீ காய்ச்சலுக்கு வைக்க வேண்டிய சொல்ல அவருக்கு வச்சிட்ட."

நான் அழுகையை நிறுத்தினேன்.

தன்வினை, பிறவினை. எட்டாம் வகுப்பில் அப்பாவிடமே படித்தது. திருந்தினான், திருத்தினான். வருந்தினாள், வருத்தினாள். மயங்கினார், மயக்கினார். தமிழில் மெல்லெழுத்து நிற்கும் இடத்தில் வல்லெழுத்து வந்து உட்கார்ந்தால் வினை தன்னிடமிருந்து பிறரிடம் போய்விடுகிறது. ம் இருந்தால் குழம்பினவர், ப் இருந்தால் குழப்பினவர். நாம் யோசிக்காமல் பேசுகிறோம், ஒருபோதும் மாற்றிச் சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் அந்த வசதி இந்தச் சொற்களுக்கு இல்லை. 'கன்ஃப்யூஸ்' என்றால் குழப்பு, குழம்பு அல்ல. 'ஃப்ரைட்டன்' என்றால் அச்சுறுத்து. 'டிஸப்பாயின்ட்' என்றால் ஏமாற்றமளி. மனதில் நிகழ்வதைச் சொல்லும் ஆங்கில வினைகளில் மிகப் பல பிறவினையாகவே பிறந்தவை. அவற்றுக்குத் தன்வினைத் துணை கிடையாது. ஆகவே செய்கிறதைச் சொல்ல 'இங்' சேர்க்கிறார்கள்: குழப்புகிற. பட்டவரைச் சொல்ல 'எட்' சேர்க்கிறார்கள்: குழப்பப்பட்ட, அதாவது குழம்பிய. தமிழ் ஒரு மெய்யெழுத்தில் செய்வதை அவர்கள் கடைசி அசையில் செய்கிறார்கள். அட்டவணையில் இது எங்கும் இல்லை. அட்டவணை எனக்குச் சோடி சோடியாகச் சொற்களைத் தந்தது. அந்த வினை யாரிடமிருந்து யாருக்குப் பாய்கிறது என்று சொல்லவில்லை.

அப்பா இன்னொன்றும் கேட்டார். "நீ ஏன் தமிழ்ல நினைச்சும் தப்பா சொன்ன?" யோசித்துப் பார்த்தேன். நான் நினைத்தது குழம்பியிருக்கிறார் என்று அல்ல. குழப்பமா இருக்காரு என்று. பேச்சுத் தமிழில் நாம் வினையை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொள்கிறோம். எனக்குக் குழப்பமா இருக்கு. இந்தக் கணக்கு குழப்பமா இருக்கு. இரண்டுக்கும் ஒரே சொல். எனக்குப் போரடிக்குது, படம் போரடிக்குது. அங்கேயும் அப்படியே. வேறுபாட்டைச் சுமப்பது அந்தச் சொல் அல்ல, 'எனக்கு' என்பதில் நிற்கும் 'கு'. நான்காம் வேற்றுமை. உணர்கிறவர்மீது 'கு' ஏறும், உணர்த்துகிற பொருள்மீது ஏறாது. அந்த முதியவரைச் சொன்னபோது நான் 'தாத்தாவுக்கு' என்று நினைக்கவில்லை, 'தாத்தா' என்று நினைத்தேன். 'கு' விழுந்த இடத்தில் 'எட்' விழுந்தது.

இன்று வரை எனக்கு உதவும் சோதனை அதுதான். தமிழில் யாருக்கு 'கு' போடுவேனோ அவருக்கு ஆங்கிலத்தில் 'எட்'. அவருக்குச் சலிப்பு, அவளுக்கு ஆர்வம், எனக்குக் கவலை. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து 'ஐ ஆம் கன்ஸர்ன்டு' என்று சொல்வது எங்கள் தொழிலில் எடையுள்ள வாக்கியம், எனக்குக் கவலை. 'ஹிஸ் ப்ரீதிங் இஸ் கன்ஸர்னிங்' என்றால் அவர் மூச்சு கவலை தருகிறது. இரண்டையும் நான் இப்போது இடறாமல் சொல்கிறேன்.

பள்ளியில் எனக்குச் சொல்லித்தந்த விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பிழைக்கு அதில் ஒரு வேர் இருந்தது. ஆங்கில இலக்கணத்தில் 'இங்' வடிவத்துக்கு 'பிரசன்ட் பார்ட்டிசிபிள்' என்று பெயர், 'எட்' வடிவத்துக்கு 'பாஸ்ட் பார்ட்டிசிபிள்'. எங்களுக்கு அதை நிகழ்கால எச்சம், இறந்தகால எச்சம் என்று சொல்லித்தந்தார்கள். நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்: இப்போது நடந்தால் 'இங்', முடிந்துபோனால் 'எட்'. முதியவர் இப்போது குழம்பியிருக்கிறார், ஆகவே 'இங்'. என் காதுக்கு அது சரியாகவே ஒலித்தது.

அந்த விதி முழுப் பொய்யும் அல்ல. வார்டில் புண்ணைப் பற்றி எழுதும்போது அது எனக்கு ஒருநாளும் துரோகம் செய்ததில்லை. 'ஹீலிங் வூண்டு' என்றால் ஆறுகிற புண், 'ஹீல்டு வூண்டு' என்றால் ஆறிய புண். ஒன்றுக்குக் கட்டு மாற்ற வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம். 'டிட்டீரியரேட்டிங் பேஷன்ட்' என்றால் நிலை மோசமாகிக்கொண்டே போகிறவர். அங்கே யாரும் யாரையும் எதுவும் செய்யவில்லை. கொதிக்கிற தண்ணீருக்கு 'பாய்லிங்', கொதித்து ஆறிய தண்ணீருக்கு 'பாய்ல்டு'. விழுகிற இலைக்கு 'ஃபாலிங்', விழுந்த இலைக்கு 'ஃபாலன்'. தானாக நடக்கிற வினைகளில் 'இங்' நடப்பதையும் 'எட்' முடிந்ததையும் காட்டுகின்றன. இருபது இடத்தில் விதி பலித்ததால் இருபத்தொன்றாவது இடத்திலும் பலிக்கும் என்று நம்பினேன். ஆனால் குழப்பு, அச்சுறுத்து, சலிப்பூட்டு போன்ற வினைகளில் இந்த வடிவங்கள் காலத்தைக் காட்டுவதே இல்லை, திசையைக் காட்டுகின்றன. நாளைக்குக் குழம்பப்போகிறவரும் 'கன்ஃப்யூஸ்டு' தான்.

பக்கவாதத்தின் அறிகுறிகளைச் சொல்லும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 'ட்ரூப்பிங் ஃபேஸ்', 'ஸ்லர்டு ஸ்பீச்'. ஒருபுறம் தொங்கும் முகம், குழறிய பேச்சு. முகம் தானாகத் தொங்குகிறது, அதனால் 'இங்'. பேச்சு தன்னைத்தானே குழறவில்லை, நாக்கு அதைக் குழறடித்தது, அதனால் 'எட்'. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. காலம் என்ற விதியை வைத்துக்கொண்டு இதை விளக்கவே முடியாது.

நம் பெயரெச்சம் இந்த விஷயத்தில் தாராளமானது. உண்ட ஆள், உண்ட தட்டு, உண்ட வீடு, உண்ட நாள், உண்ட சோறு. 'உண்ட' மாறவே இல்லை. உண்டவன் யார், உண்ணப்பட்டது எது என்பதைக் கேட்பவரே கண்டுகொள்கிறார். பெயரெச்சத்துக்குப் பின்னால் ஆறு வகைப் பெயர்கள் வரலாம் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பே வகுத்து வைத்திருக்கிறார். அந்தத் தாராளத்தில் வளர்ந்த காது எனக்கு. கேட்பவர் கண்டுகொள்வார் என்ற நம்பிக்கை ரத்தத்தில் ஊறியது. ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்பைப் பேசுகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் குறிப்பில் இன்னொரு சொல்லும் இருந்ததே, 'ரீஅஷ்யூர்டு'. தேற்றப்பட்டார் என்று பொருள். முதியவரைத் தேற்றினேன் என்று எழுத நினைத்தேன். எழுவாய் இல்லாமல் அதைப் படித்தால் தேறியவர் யார்? அந்தக் குறிப்பைப் படித்த சிஸ்டர், தான் என்னைத் தேற்றியதையே அது சொல்வதாக நினைத்துக்கொண்டார். வடிவம் சரி, ஆள் இல்லை. அன்றிலிருந்து குறிப்பேட்டில் யார் என்பதை விடாமல் எழுதுகிறேன், வரி நீண்டாலும் பரவாயில்லை.

எல்லாச் சொல்லும் இந்த ஒழுங்குக்குள் வராது. அஞ்சியவர் 'ஸ்கேர்டு', ஆனால் அச்சம் தருவது 'ஸ்கேரி'. மன அழுத்தத்தில் இருப்பவர் 'ஸ்ட்ரெஸ்டு', அழுத்தம் தருவது 'ஸ்ட்ரெஸ்ஃபுல்'. இவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும். நம் ஊரில் 'பெய்னிங்' என்று வலியைச் சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே 'பெய்ன்ஃபுல்' என்பார்கள், அல்லது 'ஹர்ட்ஸ்' என்பார்கள். இவற்றில் தவறினால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆகையால் நான் புதிதாக வருகிறவர்களிடம் இவற்றுக்காக நேரம் செலவிடுவதில்லை. மனநிலையைச் சொல்லும் ஐந்தாறு சொற்களைத்தான் பிடித்துக்கொள்கிறேன்: குழம்பியவர், கலங்கியவர், பதற்றமானவர், சோர்ந்தவர், துன்பப்படுகிறவர். இவை நோயாளியின் மூளையைப் பற்றிய செய்திகள்.

அந்த முதியவர் மூன்றாம் நாள் தெளிந்தார். ஆண்டு என்ன, இது எந்த இடம், பிறந்த தேதி என்ன என்று கேட்டேன். டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். டெலிரியம் இருக்கிறதா என்று பார்க்கும் கேள்விகள் அவை. ஜூன் வரை தடங்கலின்றி வந்தார். மேயில் நின்று, இதெல்லாம் எதற்குக் கேட்கிறாய் என்று அவருடைய ஆங்கிலத்தில் கேட்டார். அந்த இரவில் உங்களுக்கு உடம்பு சரியில்லாததை நான் சரியாகச் சொல்லவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவருக்கு அந்த இரவு நினைவில் இல்லை. என்ன சாப்பிட்டாய் என்றார்.

போன குளிர்காலத்தில் எங்கள் வார்டுக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மூன்றாவது இரவுப்பணி. அதிகாலை நாலரைக்கு என் மேசைக்கு ஓடிவந்தாள். "அக்கா, மூணாவது பேல ஜன்னலோரத்துல இருக்குற பாட்டி, ஷி இஸ் வெரி கன்ஃப்யூஸிங்."

அவள் சொல்லைத் திருத்தவில்லை. "குழம்பியிருக்காங்களா, உன்னைக் குழப்புறாங்களா?" என்று தமிழில் கேட்டேன்.

ஒரு நொடி விழித்தாள். "அவங்கதான்க்கா குழம்பியிருக்காங்க. சாயங்காலம் நல்லாத்தான் பேசினாங்க."

ரத்த அழுத்தம் பார்க்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் வார்டின் அந்த மூன்றாவது பகுதிக்குப் போனோம். நினைவுநிலைக் கட்டத்தில் எந்த எழுத்தை வட்டமிட வேண்டும் என்று அவள் என்னைக் கேட்கவில்லை.